அண்ணனுக்கு விட்ட பதினாறு சுற்று

நாற்பத்தோரு வயதாகிறது, இன்னமும் ஊருக்கெல்லாம் அவள் தங்கச்சிதான். அண்ணன் அப்படிக் கூப்பிட்டால் நியாயம் இருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அவர் அவளைவிட ஆறு வயது சின்னவர். மேடையில் மைக் வைக்க வருகிறவர், "தங்கச்சி, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க" என்று மரியாதையையும் சேர்த்துக் கூப்பிடுகிறார். பின்னாடி நில்லுங்க என்பதையும் கவனியுங்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் நின்ற இடம் அதுதான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தில் கிரீஸும் கையுமாக இருப்பான். சனி, ஞாயிறு வந்தால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு கிட்டாரை எடுப்பான். நாலு பேர் கொண்ட சின்னக் குழு. ஓட்டல் விருந்து, கம்பெனி ஆண்டு விழா, யாராவது பணி ஓய்வு பெறுகிற நாள் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிப்பார்கள். ஒரு தடவை, நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பேஸ் கிட்டார் வாசித்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பி நீட்டிவிட்டார். அண்ணன் வீட்டுக்குள் சுற்றும்முற்றும் பார்த்தான். பரீட்சை முடிந்து சும்மா உட்கார்ந்திருந்த தங்கச்சி கண்ணில் பட்டாள். நாலே கம்பிதான், கத்துக்க மூணு நாள் போதும் என்று அவள் கழுத்தில் மாட்டிவிட்டான். அந்த மூன்று நாள்தான் இவ்வளவு தூரம் நீண்டது.

பேஸ் வாசிப்பைக் கேட்டு யாரும் விசில் அடித்ததாகச் சரித்திரம் கிடையாது. அது நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். விசிலெல்லாம் அண்ணனுக்கு. குழுவில் ஒரு வழக்கம் உண்டு, எந்தப் பாட்டானாலும் மாறாது. முதல் சரணம் முடிந்ததும் எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்வார்கள், அண்ணன் ஒரு அடி முன்னால் வருவான். நாலு எண்ணினால் ஒரு சுற்று. அப்படிப் பதினாறு சுற்று அவன் இஷ்டத்துக்கு வாசிப்பான். முடிக்கப்போகிற நேரம் கிட்டாரின் கழுத்தை ஒரு தடவை மேலே தூக்குவான். அதைப் பார்த்ததும் இரண்டாவது சரணம். நிகழ்ச்சி முடிந்து போகிறவர்கள் அந்தப் பதினாறு சுற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள். எங்கேயிருந்துதான் இந்த மனுஷனுக்கு இப்படியெல்லாம் தோணுதோ என்பார்கள். அந்த நேரத்தில் தங்கச்சி அவனுக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால், நாலு கம்பியைத் தட்டிக்கொண்டு, வாயை மூடியபடி எதையோ முனகிக்கொண்டு நிற்பாள். மேடைக்குக் கொசு வந்துவிட்டது என்று டிரம்ஸ்காரர் கேலி பண்ணுவார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் குழு ஒரு ஆல்பம் போட்டது. எட்டுப் பாட்டும் அண்ணன் மெட்டு. கடைசிப் பாட்டை மட்டும் தங்கச்சி பாடினாள், அதுவும் பாட வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால். எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும், அதை விட்டுவிடுவோம். கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் கடைசிப் பாட்டு யார் பாடினது என்று மறக்காமல் விசாரித்தார்கள். என் தங்கச்சிதான் என்று அண்ணன் பெருமையாகவே சொல்வான். இரண்டாவது ஆல்பம் எப்போது என்றால் மட்டும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பான். அப்படி ஏழு அடுத்த வருஷம் போய்விட்டது.

வயிற்றுப்பாட்டுக்கு அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. சொந்தக் கடை என்று நினைத்துவிடாதீர்கள், சம்பளத்துக்குத்தான். கடையின் பின்னறையில், ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தை அரைக்கிற மெஷினுக்கு முன்னால் அவளுடைய பகல் கழியும். அந்த மெஷின் ஒரே சுருதியில் உர்ரென்று கத்தும். மற்றவர்களுக்கு அது தலைவலி. அவளுக்குப் பதினைந்து வருஷத்தில் அதுவே தம்பூரா ஆகிவிட்டது. ஒரு லென்ஸ் அரைபட்டு முடிகிறவரை அதோடு சேர்ந்து பாடுவாள். சின்ன வயதில் கேட்ட தாலாட்டு, பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிற ஆட்டப் பாட்டு, வாசலில் காத்திருக்கிறவர்கள் கைப்பேசியில் ஓடுகிற ராப், எல்லாம் அந்தச் சின்ன அறையில் கலந்து அவள் வாய் வழியாகப் புதுசாக வெளியே வந்தன. பாட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. ஒரு வியாழன் பகலில் துணிந்து ஒரு ஸ்டுடியோவுக்குப் போனாள். பழைய அலுவலகக் கட்டடம், மூன்றாவது மாடி, வராந்தாவின் கடைசிக் கதவு. வாசலில் ஒரு போர்டுகூடக் கிடையாது. அதை நடத்துகிறவர் வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள், எல்லோருக்கும் ஸ்டுடியோ அக்கா. பாராட்டு என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தங்கச்சி பதிந்து எடுத்துப்போன மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேப்பாங்க என்றார். சொன்ன கையோடு, மெஷினைக் கிட்டத்தில் வைத்துப் பதிந்து எடுத்துவரச் சொல்லி நல்ல மைக் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

ஐந்து மாதத்தில் ஒன்பது பாட்டு ஆனது. ஒன்றில் தாலாட்டு மெட்டு, அதற்கு அடியில் குதித்து ஆடவைக்கிற தாளம். இன்னொன்றில் மெஷின் சுருதியை வைத்து நிதானமாக ஒரு ராகம் விரியும், பாதியில் ஜாஸுக்குள் போய் விழுந்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரும். மூன்றாவதில் வாடிக்கையாளர்களின் பவர் அட்டையைப் பார்த்து மைனஸ் ஒண்ணே கால், மைனஸ் ரெண்டரை என்று ராப் மாதிரி அடுக்கிக்கொண்டே போவாள், பின்னால் ஆர்கன் உருகும். பாட்டுகளை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்கூட்டியே நிரப்பின படிவத்தில் இசை வகை என்று ஒரு கட்டம் இருந்தது. ஸ்டுடியோ அக்கா கன்னத்தில் கைவைத்து யோசித்துவிட்டு 'மற்றவை' என்று போட்டார். பாடியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர் என்ற மூன்று கட்டத்திலும் தங்கச்சியின் முழுப்பெயர், அப்பா வைத்த பெயர். திரையில் அதைப் பார்த்தபோது அவளுக்கே யாரோ மூன்றாம் மனுஷியின் பெயர் மாதிரி இருந்தது.

அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தனியாகப் போகிறேன் என்றால் குழுவை விட்டுப் போகிறேன் என்றுதான் அர்த்தம். இரண்டையும் சேர்த்து இழுக்க அவளிடம் கிழமை பாக்கி இல்லை. அவன் கத்தினால்கூடத் தாங்கிக்கொள்வாள், திருப்பிக் கத்தத் தெரியும். பேசாமல் இருந்துவிட்டால்? ஒத்திகைக்கு மூன்று தடவை தாமதமாக வந்ததற்காக டிரம்ஸ்காரரோடு எட்டு மாதம் பேசாமல் இருந்து, மேடையில் தலையசைப்பிலேயே காலம் ஓட்டின ஆள் அவன். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் அவள். அதே வாசல்படியில் தினம் நாலு தடவை எதிர்ப்பட்டு, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அவளால் உயிரோடு இருக்க முடியாது. அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான், ஆனால் அது தொண்டைக்குழியிலேயே உட்கார்ந்திருந்தது. ஆகவே, வியாழக்கிழமை எங்கே போகிறாய் என்று அண்ணி கேட்டதற்குப் பல் டாக்டரிடம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். ஐந்து மாதம் அதே பொய். இருக்கிறது முப்பத்திரண்டு பல்தானே என்று அண்ணி ஒரு நாள் கேட்கவும் செய்தாள்.

ஆல்பம் முடியப்போகிற வாரம் ஸ்டுடியோ அக்கா ஒன்பது பாட்டையும் வரிசையாகப் போட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாப் பாட்டுலயும் முதல் சரணம் முடிஞ்சதும் அரை நிமிஷம் ஒண்ணுமே நடக்கலையே. என்ன அது, விளம்பர இடைவேளையா?"

தங்கச்சி மறுபடி போடச் சொன்னாள். தாலாட்டில் சரணம் முடிந்தது, அப்புறம் வெறும் பேஸும் தாளமும் டொம் டொம்மென்று நடந்துகொண்டே இருந்தன, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி. எண்ணினாள். பதினாறு சுற்று. ராப் பாட்டு, பதினாறு. ஜாஸ், பதினாறு. ஒன்பதிலும் அச்சு மாறாமல் பதினாறு. அவள் காது மடல் சுட்டது. அண்ணனுக்கு இடம் விட்டிருக்கிறாள். தெரியாமல் விட்டிருக்கிறாள். எவ்வளவு பெரிய கூத்து பாருங்கள், தனியாக வருகிறேன் பேர்வழி என்று கிளம்பி, அண்ணன் வந்து நிற்க ஒன்பது பாட்டிலும் வாசலைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தத் துண்டுகளை வெட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது சரணம் முதல் சரணத்தின் காலில் மிதித்துத் தடுக்கி விழுந்தது. ஆர்கனை வைத்து அடைத்துப் பார்த்தார்கள், ஓட்டைச் சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி பல்லிளித்தது. ஸ்டுடியோ அக்கா அடுத்த வாரம் வா, அதுக்குள்ள ஏதாவது யோசி என்றார். தங்கச்சி என்னத்தை யோசிப்பாள்? இத்தனை வருஷம் அந்த இடத்தில் வேறு எதையும் அவள் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வரும்போது அவள் கண் சிவந்திருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அதுவே விசித்திரம், அண்ணி கேட்காமல் விடுகிற ஜாதி இல்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பையோடு மாடியிலிருந்து இறங்கினால், கடைசிப் படியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். வேலை நாள். சீருடை இல்லை, இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணி.

"நானும் கூட வர்றேன்" என்றான்.

"எங்க?"

"மூணாவது மாடிக்கு."

தெரிந்துபோய்விட்டது. யார் சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்டைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தானாம். பக்கத்து லிஃப்டிலிருந்து அவள் இறங்கி வராந்தாவில் நடந்து போனதைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தானாம். எத்தனை நாளாக என்று கேட்டான். ஐந்து மாதம் என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றான். நீ தாங்க மாட்டாய் என்று பயந்தேன் என்றாள். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் எழுந்து தங்கச்சியின் பையை வாங்கிக்கொண்டான், வெயிட் தூக்கக் கூடாதவளிடமிருந்து வாங்குவது மாதிரி மெதுவாக.

"டாக்டர் என்னதான் சொல்றாரு?"

"எந்த டாக்டர்?"

"புற்றுநோய் டாக்டர்தான், வேற யாரு. அந்த மாடியில அவர் கிளினிக்கை விட்டா வேற என்ன இருக்கு? பல் டாக்டர் அந்தக் கட்டடத்துலயே கிடையாது. எனக்குத் தெரியாதா, பத்து வருஷமா அந்த லிஃப்டை நான்தானே பாக்குறேன்."

அப்போதுதான் தங்கச்சிக்கு எல்லாம் புரிந்தது. அண்ணி பத்து நாளாகத் தினமும் மாடிக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தனுப்பியது, போன ஒத்திகையில் அண்ணன் அவளுடைய ஆம்ப்ளிஃபையரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தது, டிரம்ஸ்காரர் கொசு கேலியை நிறுத்திக்கொண்டது. பாவி மனுஷன் அவரிடமும் சொல்லியிருக்கிறான்.

"அந்த மாடி கடைசியில ஒரு ஸ்டுடியோ இருக்குண்ணா. பாட்டு பதியிறேன். ஆல்பம். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையே?"

"பாட்டுதான்ணா. ஒன்பது பாட்டு."

அண்ணன் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தான். அப்பாடா என்று அவன் விட்ட மூச்சு தெரு முனைவரை கேட்டிருக்கும். சிரித்தான், சிரிப்பு பாதியில் விம்மலாக மாறியது, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தான். அண்ணிதான் விடவில்லை. மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை, கண்ணை மூடவில்லை, நேர்ந்துகொள்ளாத சாமி பாக்கி இல்லை என்று ஆரம்பித்து, பல்லாம் பல்லு, அந்த ஆல்பத்துக்குப் பேரே பல்லுன்னு வை என்று முடித்தாள். முடித்துவிட்டுத் தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று தங்கச்சிக்குத் தோன்றியது. அண்ணியின் தோளுக்கு மேலாகவே சொன்னாள்.

"தனியா வர்றேன்ணா. என் பேர்ல. இனிமே குழுவுக்கு வர முடியாது."

அண்ணன் பேசவில்லை. படியில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு பெயின்ட் பொட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஆறாவது சுற்றில் அவன் எழுந்தான்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடிவரைக்கும் நீ இருப்பியா மாட்டியான்னு உக்காந்திருந்தேன். குழுவுல இருப்பியா மாட்டியான்னு கேட்டு இப்ப சண்டை போடச் சொல்றியா? வா, முதல்ல கேக்கலாம்."

ஸ்டுடியோ அக்கா அண்ணனைப் பார்த்து, லிஃப்ட் மூணு வாரமா சரியா மூடுறதில்ல என்று முதலில் அதைச் சொன்னார். பிறகு பாட்டைப் போட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். லென்ஸ் மெஷின் வந்தபோது புருவத்தைத் தூக்கினான். பவர் எண் ராப்புக்கு வாய்விட்டுச் சிரித்தான், அவன் பவரும் அதில் இருந்தது. தாலாட்டில் முதல் சரணம் முடிந்து அந்தக் காலி இடம் வந்தது. அவனுடைய இடது கை விரல்கள் தொடைமேல் தானாக ஓட ஆரம்பித்தன. இரண்டாவது பாட்டிலும் ஓடின. மூன்றாவதில் கண்ணைத் திறந்தான்.

"இது யாருக்கு விட்டது?"

"உனக்குத்தான். சத்தியமா தெரியாமத்தான் விட்டேன்."

ஸ்டுடியோ அக்கா சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து அவனிடம் நீட்டினார், வாசிச்சு முடிச்சுட்டா வேலை தீர்ந்துது என்றார். தங்கச்சியும் மனசார அதைத்தான் விரும்பினாள், வாசித்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. அண்ணன் கிட்டாரை வாங்கினான், ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மடியில் படுக்கப்போட்டான்.

"நான் வாசிச்சா இது நம்ம குழுவோட ரெண்டாவது ஆல்பம். உன்னோட முதல் ஆல்பம் இல்ல." கம்பியை ஒரு தடவை மீட்டி, உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினான். "ஒண்ணு சொல்லணும். இருபத்திரண்டு வருஷமா சொல்லல. நான் வாசிக்கிறப்ப பக்கத்துல நின்னு முனகிட்டு இருப்பியே, அதைக் கேட்டுத்தான் வாசிச்சேன். எனக்குத் தானா ஒண்ணும் தோணினதில்ல. நீ போற பக்கம் நான் வந்தேன், அவ்வளவுதான். கைதட்டு எனக்கு வந்துது, வாயை மூடிட்டு வாங்கிக்கிட்டேன்."

முதலில் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். எத்தனை மேடை, எத்தனை விசில், எங்கேயிருந்து தோணுதோ என்று எத்தனை பேர்.

"ஒரு வாட்டியாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீயே பாடிடுவியே. அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?"

அவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? சொல்லி முடித்ததும் அவன் முகம் காலையில் படியில் பார்த்த அதே முகமாக, பாரம் இறங்கின முகமாக ஆகிவிட்டது. தங்கச்சிக்கும் கோபம் தொண்டைவரை வந்து, அங்கே உட்கார்ந்திருந்த பயத்தையும் இழுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. பேஸுக்கு யாரைப் போடுவாய் என்று கேட்டாள். நாலே கம்பிதானே, எவனாவது மூணு நாள்ல கத்துப்பான் என்றான். அவள் கையிலிருந்த, பாட்டு வரி எழுதின அட்டையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்புறம் பேஸை மாட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். தாளத்தை மட்டும் ஓடவிடுங்க அக்கா, நிறுத்தச் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க என்றாள். தாலாட்டு. பல்லவி, முதல் சரணம். சரணம் முடிந்ததும் அவள் வலது கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. அதைக் குனிந்து பார்த்தாள், காலைத் திரும்ப முன்னால் எடுத்து வைத்தாள். உதடு மைக்கைத் தொடுகிற தூரத்துக்கு வந்து வாயைத் திறந்தாள். வார்த்தை இல்லை, வெறும் குரல்தான். ஆனால் அது எங்கே ஏற வேண்டும், எங்கே குழைய வேண்டும் என்று அதற்கே தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பழகியிருக்கிறதே.

பதினைந்தாவது சுற்றில் வழக்கப்படி அவள் கண் அண்ணனைத் தேடிப் போனது. கிட்டாரின் கழுத்து எப்போது மேலே போகும் என்று பார்க்கிற பழக்கம், உடனே விடுமா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கிட்டாரைச் சுவரில் திரும்ப மாட்டிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். உதடு மட்டும் அசைந்தது, அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். பதினாறு ஆனது. அவள் முடிக்கவில்லை. பதினேழு, பதினெட்டு என்று அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இருபத்து மூன்றாவது சுற்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கேட்க ஆரம்பித்தான்.